ஆதனுக்குத் தங்கச்சி இல்லையா?

"டீச்சர், கீழடின்னா நம்ம மதுரை பஸ் நிக்குமே, அந்தக் கீழடி விலக்கா?"

ஏழாம் வகுப்பில் கடைசிப் பாடவேளை. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' நாவலைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். கேட்டவள் ஜன்னலோரம் உட்காரும் பெண். அதுவரை கதை காதில் விழுவதாகவே காட்டிக்கொள்ளாதவள். அதே கீழடிதான் என்றேன். "திருப்புவனம் தாண்டி, சிலைமானுக்கு முன்னாடி?" என்று இன்னொருவன் உறுதிப்படுத்திக்கொண்டான். "எங்க அத்தை வீடு அங்கிட்டுதான் டீச்சர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பாதி வகுப்பு நகர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தது. விட்ட இடத்திலிருந்து வாசிக்க விடவில்லை. முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

எங்கள் ஊர் மானாமதுரை. மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பேர்போன வைகைக்கரை ஊர். கீழடி விலக்கை எங்கள் பிள்ளைகள் பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள். மதுரைக்குத் துணி எடுக்கப் போகும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, சித்திரைத் திருவிழாவுக்குப் போகும்போது, அது கடந்துபோகிற ஒரு நிறுத்தம். ஒரு கதை அங்கே இறங்கிக்கொள்ளும் என்று அவர்கள் நினைத்ததில்லை. கதை என்றால் 'ஒரு ஊரில்' என்று தொடங்க வேண்டும். அந்த ஊருக்குப் பேர் இருக்கக் கூடாது, பஸ் இருக்கவே கூடாது.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம். வாசிப்பில் ஆசை ஊட்டியவர் வாண்டுமாமா. தெருமுனை சைக்கிள் கடையில் பழைய 'பூந்தளிர்' இதழ்களை நாள் வாடகைக்குக் கொடுப்பார்கள். ஓரம் மடங்கி, அட்டை கிழிந்து, யாரோ ஒருவர் விடுகதைக்கு விடை எழுதிவைத்துவிட்ட இதழ்கள். புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்துக்காரரான வி. கிருஷ்ணமூர்த்திக்கு 'வாண்டுமாமா' என்று பெயர் வைத்தவர் ஓவியர் மாலி என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம், அந்தப் பெயர் போட்ட கதையை எடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும் என்பதுதான். மந்திரவாதிகளும் கோட்டைகளும் சுரங்கப்பாதைகளும் நிறைந்த அந்த உலகத்தில் நான் வருடக்கணக்கில் குடியிருந்தேன். 2014-இல் அவர் மறைந்த செய்தியைப் பார்த்த அன்று, பள்ளிக்கூடத்தில் பாடத்தை நிறுத்திவிட்டு அவருடைய கதை ஒன்றைச் சொன்னேன். எனக்குக் கிடைத்ததை என் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்ற வேகம் அன்றைக்குத்தான் கெட்டியானது.

ஆனால் 2023-இல் என் முன்னால் இருந்த ஏழாம் வகுப்பு வேறு மாதிரி. கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடிய 2020 மார்ச்சில் அவர்கள் மூன்றாம் வகுப்பின் கடைசியில் இருந்தார்கள். நாலாம் வகுப்பை அவர்கள் பார்க்கவே இல்லை. எழுத்துக்கூட்டுவதிலிருந்து ஓட்டமாக வாசிப்பதற்கு ஒரு பிள்ளை நகர்கிற வருடம் அது. அந்த வருடம் வீட்டுத் திண்ணையிலும் செங்கல் சூளையிலும் போய்விட்டது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் இழுத்துப் பிடித்தார்கள். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தன. 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகப் பிரித்த, படம் நிறைந்த மெல்லிய புத்தகங்கள். பிள்ளைகள் அவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள். நல்ல வேலை, அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் கவலை அடுத்த படியைப் பற்றியது. ஒரே மூச்சில் முடிந்துவிடாத கதை ஒன்று வேண்டும். இன்றைக்கு நிறுத்தினால் நாளை வரை மனசில் ஊறுகிற கதை. ஒரு பாத்திரத்தோடு நாள்கணக்கில் பழகுவதற்கு நாவலைத் தவிர வேறு வழி இல்லை.

அதே 2023-இல்தான் 'ஆதனின் பொம்மை'க்குச் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. விருதுச் செய்தியைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன். உதயசங்கர் கோவில்பட்டிக்காரர். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்தவர். எழுத்தாளர் கி.ரா.வின் இடைசெவலுக்குப் பக்கத்து மண். பெரியவர்களுக்கான சிறுகதைகளில் தொடங்கி, மலையாளத்திலிருந்து நிறையக் குழந்தை இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்து, தாமும் சிறாருக்காகத் தொடர்ந்து எழுதிவருபவர். சிறாருக்கு எழுதுவதை ஓய்வு நேர வேலையாக நினைக்காத எழுத்தாளர்கள் நம்மிடம் குறைவு. அந்தச் சிலரில் அவர் ஒருவர்.

நாவலின் முடிச்சு எளிமையானது. ஒரு பொம்மை. அதன் வழியே இன்றைய சிறுவன் ஒருவன் இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆதன் என்கிற பையனைச் சந்திக்கிறான். அந்தக் காலத்தின் வாழ்க்கையை ஆதன் காட்டிக்கொடுக்கிறான். மாயம் அவ்வளவுதான். ஆனால் 'ஆதன்' என்ற பெயர் கற்பனை இல்லை. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் இருக்கும் பெயர் அது. தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், அங்கே எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று வந்தது. 353 செ.மீ. ஆழத்தில், அதாவது ஆள் உயரம் இரண்டுக்குப் பக்கமான ஆழத்தில் கிடைத்த கரி அது. ஓட்டில் ஒரு பெயர் மட்டும் கிடைத்தது. அந்தப் பெயருக்கு உரியவன் எப்படி இருந்தான், என்ன விளையாடினான் என்று தொல்லியலால் சொல்ல முடியாது. அந்த இடத்தில்தான் நாவலாசிரியர் நுழைகிறார்.

நான் வாசித்துக் காட்டிய முறையைச் சொல்ல வேண்டும். இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் அப்பத்தா கதை சொன்ன விதத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். புத்தகத் தமிழை எங்கள் ஊர்ப் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன். கதை கொதிக்கிற இடத்தில் மூடி வைத்துவிடுவேன். முடிந்ததும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். கதையின் நீதி என்ன, உனக்குப் பிடித்த பாத்திரம் எது, ஐந்து வரிக்கு மிகாமல் எழுதுக, எதுவும் கிடையாது. கதை முடிந்ததும் கேள்வி வரும் என்று தெரிந்த பிள்ளை கதையைக் கேட்பதில்லை, கேள்விக்கான பதிலைத் தேடிக்கொண்டிருக்கும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். நீதியைப் பிடுங்கிக் கையில் கொடுக்கிற வழக்கம் நம் பள்ளிக்கூடங்களை விட்டுப் போகாத வரை, எத்தனை லட்சம் புத்தகம் அச்சிட்டு அனுப்பினாலும் வாசகர்கள் உருவாக மாட்டார்கள்.

புத்தகத்தை மேசை மேலேயே விட்டுவிட்டுப் போவேன். மறுநாள் காலையில் அது இடம் மாறியிருக்கும். சீக்கிரமே, அடுத்த அத்தியாயத்தை யார் முதலில் படித்துவிட்டது என்பதில் சண்டை வந்தது. இன்னும் சில பிரதிகள் வாங்கினேன். அவர்களே காக்கி அட்டை போட்டார்கள், யார் எந்தக் கிழமை எடுத்துப்போவது என்று அவர்களே பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் ஓட்டமாக வாசிக்கிறவர்களோடு ஜோடி சேர்ந்துகொண்டார்கள். அந்த ஜோடிகளை நான் போட்டிருந்தால் நடந்திருக்காது.

கேள்விகள் நான் கேட்காததால் அவர்களிடமிருந்து வந்தன. ஆதன் பள்ளிக்கூடம் போனானா? போகாவிட்டால் எழுத யார் சொல்லிக்கொடுத்தது? மழை பெய்தால் வீடு ஒழுகுமா? அவன் பேசுவது நமக்குப் புரியுமா? கதையில் இதற்கெல்லாம் கொஞ்சம் விடை இருக்கிறது, மிச்சத்தை அவர்களே இட்டு நிரப்பினார்கள். இதெல்லாம் நடந்திருக்கவே முடியாது, பொம்மை எப்படி அந்தக் காலத்துக்குக் கூட்டிப் போகும் என்று ஒரு கூட்டம் வாதாடியது. போகட்டுமே, ஆதன் இருந்தது நிஜம்தானே என்றது இன்னொரு கூட்டம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கற்பனைக்கும் சான்றுக்கும் நடுவில் கோடு கிழித்துப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். வரலாற்றுப் பாடப்புத்தகத்தால் அந்த வாதத்தைக் கிளப்ப முடிந்ததில்லை.

ஜன்னலோரத்துப் பெண்தான் ஒருநாள் கேட்டாள்: "ஆதனுக்குத் தங்கச்சி இல்லையா டீச்சர்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். "இருந்திருப்பா" என்றாள். "எழுதலைன்னா இல்லைன்னு ஆயிருமா?" அவளுக்கு ஒரு தம்பி. அம்மா காளவாசலுக்குக் கல் சுமக்கப் போகும் நாட்களில் அவள்தான் அவனைப் பார்த்துக்கொள்வாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது. நான் ஒரு கோடு போடாத நோட்டை எடுத்துக் கொடுத்தேன். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்தப் பருவத்தில்தான் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2023 மார்ச் 5 அன்று திறந்த கட்டடம். கீழடியை ஒட்டிய கொந்தகையில், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில், முற்றமும் தூண்களுமாக இரண்டு ஏக்கரில் இருக்கிறது. விலக்கில் வண்டி திரும்பியதும் பஸ்ஸுக்குள் சத்தம் அடங்கிவிட்டது. தென்னந்தோப்புகளைப் பார்த்து ஒருவன், "இதுக்கெல்லாம் கீழயும் இருக்குமா டீச்சர்?" என்றான். இருக்கும் என்றேன்.

உள்ளே போனதும் அவர்கள் அறை அறையாக வரிசையில் பார்க்கவில்லை. கதையில் வந்ததைத் தேடினார்கள். வட்டச் சில்லுகளைப் பார்த்ததும் பெண்பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பானை ஓட்டை உரசி வட்டமாக்கிய சில்லு. நாங்களும் பள்ளிக்கூட மைதானத்தில் கோடு கிழித்து அதையேதான் எறிந்து நொண்டுகிறோம். ஆட்டக்காய்கள், தந்தத்தில் செய்த பகடை, நூல் நூற்கும் தக்களி, சங்கு வளையல் துண்டுகள், கல்மணிகள், சுடுமண் உருவங்கள். ஒரு சீப்பின் முன்னால் நெடுநேரம் நின்றார்கள். தந்தச் சீப்பு. "பேன் பாத்திருப்பாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அது அவர்களுக்கு ஆராய்ச்சிக் கேள்வி.

எங்கள் வகுப்பில் மண்பாண்டம் செய்யும் தெருவிலிருந்து வரும் பையன் ஒருவன் உண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். சக்கரத்துக்கு மண் மிதிப்பது, சூளைக்கு வைக்கோல் அடுக்குவது என்று அதிகாலையிலேயே ஒரு வேலையை முடித்துவிட்டு வருபவன். நாவலை அவன் ஜோடி வாசிக்கக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். அவன் கறுப்பு-சிவப்புப் பானைகள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. உள்ளே கறுப்பு மை பூசியிருக்கிறார்களா என்று யாரோ கேட்டதற்கு, திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்:

"பூசலை. கவுத்து வெச்சுச் சுட்டிருக்காங்க. உள்ள காத்து போகலைன்னா கறுத்துரும். எங்கய்யா வேணும்னே அப்படிச் சுடுவாரு."

தொல்லியலாளர்கள் இந்தப் பானைகளுக்குச் சொல்லும் விளக்கமும் அதுதான். காற்றுப் பட்ட இடம் சிவக்கும், படாத இடம் கறுக்கும். வகுப்பே அவனைச் சுற்றி நின்றது. எழுத்துப் பொறித்த ஓடுகளுக்குப் போனோம். நான்காம் கட்ட அகழாய்வு பற்றிய அந்த 2019 அறிக்கை, தமிழி எழுத்துள்ள ஓடுகள் மட்டும் 56 என்று கணக்குச் சொல்கிறது. முதல் நாளே தமிழி எழுத்து அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் பழக்கியிருந்ததால், பிள்ளைகள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்கள். 'ஆ' கிடைத்தது. 'த' கிடைத்தது. அந்தப் பையனும் கூட்டினான். தமிழ்ப் பத்தி வாசிக்கத் தயங்குகிறவன் தமிழியில் ஆதனின் பெயரை மற்றவர்களோடு சமமாக எழுத்துக்கூட்டினான். அந்த எழுத்துக்கு முன்னால் அங்கே எல்லாருமே ஒன்றாம் வகுப்புதான்.

பிறகு அவன் ஓட்டை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னது என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

"இதைச் சட்டி செஞ்சவங்க எழுதலை டீச்சர்."

எப்படிச் சொல்கிறாய் என்றேன். பச்சை மண்ணில் எழுதினால் கோட்டின் இரண்டு ஓரத்திலும் மண் ஏறி மேடு தட்டும். இது வெட்டு வெட்டாக இருக்கிறது, சுட்ட பிறகு கீறியது என்றான். "செய்யறவங்களுக்கு ஈரத்துல எழுதறதுதான லேசு? சுட்டதுல ஏன் சிரமப்பட்டுக் கீறணும்? வாங்கிட்டுப் போனவங்க எழுதியிருக்காங்க." ஜன்னலோரத்துப் பெண் உடனே பிடித்துக்கொண்டாள்: "ஆமா, எங்க வீட்டு எவர்சில்வர் குடத்துல அம்மா பேரு வெட்டியிருக்கிற மாதிரி!"

தொல்லியல் துறை அறிக்கையும் அந்தப் பக்கம்தான் பேசுகிறது. எழுத்துகள் ஒரே கையெழுத்தில் இல்லை, பானைக்குச் சொந்தக்காரர்களே தங்கள் பெயரைப் பொறித்திருக்க வேண்டும். அப்படியென்றால் எழுத்து ஒரு சிலரிடம் மட்டும் இருக்கவில்லை, சாதாரண வீடுகளில் புழங்கியிருக்கிறது. அறிஞர்கள் அடுக்கி அடுக்கி வந்து சேர்ந்த முடிவுக்கு, சூளை தெரிந்த பையனும் குடத்தில் பேர் வெட்டிய வீட்டுப் பெண்ணும் இரண்டு வாக்கியத்தில் வந்துவிட்டார்கள். நான் அவர்களுக்கு அறிக்கையில் இருப்பதைச் சொன்னேன். "அப்ப நாங்க சொன்னது சரியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். சரி, சரி என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சொந்த மண்ணில் காலூன்றிய கற்பனைக் கதை குழந்தைக்கு என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால், நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத்தான் காட்டுவேன். தூர தேசத்துக் கோட்டைக் கதையில் பிள்ளை விருந்தாளி. எழுத்தாளர் காட்டுவதைப் பார்க்கலாம், வியக்கலாம். அது பெரிய இன்பம், நான் அனுபவித்திருக்கிறேன், அந்த வாசல் மூடிவிடக் கூடாது. ஆனால் தன் வீட்டு மண்ணும் தன் தெருத் தொழிலும் தான் எறிகிற சில்லும் கதைக்குள் வரும்போது, பிள்ளைக்குத் தெரிந்தது எழுத்தாளருக்கே தெரியாததாக இருக்கலாம். அங்கே அது விருந்தாளி இல்லை. வகுப்பில் 'பின்தங்கியவன்' என்று பதிவேட்டில் எழுதப்பட்ட பையனுக்கு அந்த இடம் வேறு எங்கேயும் கிடைத்திருக்காது.

ஒன்றை ஆதங்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். பயணம் போய்வந்ததைக் கேள்விப்பட்டு வந்த பெரியவர் ஒருவர், பிள்ளைகளை எழுப்பி, தமிழரின் பெருமையைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டார். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவருக்கு ஏமாற்றம். பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்த வாக்கியங்களை எதிர்பார்த்திருந்தார். முந்தின நாள்வரை கிணற்றின் உறைகளை எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருப்பார்கள், தண்ணீர் போக வழி எப்படி வைத்தார்கள் என்று சண்டை போட்ட பிள்ளைகள் வாயடைத்து நின்றதைப் பார்க்க எனக்கு வலித்தது. மூத்த குடி என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதைப் பிள்ளையின் கையில் முதலிலேயே கொடுத்தால் அது கோஷமாகத்தான் முடியும். ஆதன் யாருடைய பிள்ளை, அவனுக்குச் சளி பிடித்தால் என்ன கொடுத்தார்கள் என்று கவலைப்படுகிற பிள்ளைக்கு அந்த மண்ணோடு உறவு வந்துவிட்டது. உறவு வந்த இடத்தில் பெருமையைத் தனியாக ஊட்ட வேண்டாம். உதயசங்கர் தம் கதைக்கு வாளையும் மணிமுடியையும் எடுக்காமல் பொம்மையை எடுத்தது எவ்வளவு சரியான தேர்வு என்று அன்றைக்கு இன்னும் நன்றாக விளங்கியது. அரசர்களின் போர்களாகவே வரலாற்றைப் படித்து வளர்ந்த நமக்கு, வரலாற்றில் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதே யாராவது எடுத்துச் சொன்னால்தான் உறைக்கிறது.

ஆதனுக்குப் பிறகு அவர்கள் நிற்கவில்லை. உதயசங்கரின் 'மாயக்கண்ணாடி' வந்தது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' வந்தது. 2020-இல் அதே பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். அதிலும் ஒரு பொம்மைதான். மரப்பாச்சி ஒரு சிறுமியோடு பேசத் தொடங்குகிறது, தவறாகத் தொடுகிறவர்களைப் பற்றி வாய்விட்டுச் சொல்லத் துணை நிற்கிறது. அந்தப் புத்தகத்தை நான் சத்தமாக வாசிக்கவில்லை. அலமாரியில் முன்வரிசையில் வைத்தேன், அவ்வளவுதான். மற்ற எந்தப் புத்தகத்தையும்விட அமைதியாக அது கைமாறியது. சில பிள்ளைகள் திருப்பிக் கொடுக்கும்போது என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். ஒரு பிள்ளை பேசியது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். செய்ய வேண்டியதை உரியவர்களோடு சேர்ந்து செய்தோம். நிறையப் பாடம் நடத்தியிருக்கிறேன், விழிப்புணர்வுக் கூட்டங்களில் நானும் பேசியிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்தது மரப்பாச்சி.

இந்தப் புத்தகங்கள் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோனார் உரை கிடைக்கும், போட்டித் தேர்வு வினா-விடை அடுக்கடுக்காகக் கிடைக்கும். சிறார் நாவல் வேண்டும் என்றால் புத்தகத் திருவிழா வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது சென்னையிலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டும். தமிழில் சிறார் நாவல் இல்லை என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை, பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு 2025-இல் அதே விருது கிடைத்தபோது, இப்போது மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்ட அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வந்து, "அது வந்துருச்சா டீச்சர்?" என்று கேட்டாள்.

கோடு போடாத நோட்டு நிரம்பிக்கொண்டே போனது. ஆதனின் தங்கைக்கு அவள் ஒரு பெயர் வைத்தாள். அதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அவள் நிபந்தனை. தங்கை தக்களியில் நூல் நூற்கிறாள், வைகையில் வெள்ளம் வந்த அன்று அண்ணனைத் தேடிப் போகிறாள், பொம்மை செய்த தாத்தாவோடு சண்டை போடுகிறாள். அத்தியாயம் எழுதி முடித்ததும் முதலில் மண்பாண்டத் தெருப் பையனிடம் கொடுப்பாள். மண் வேலை வருகிற இடங்களை அவன் சரிபார்க்க வேண்டும். அதற்காகவே அவன் அவள் எழுத்தை விரல் வைத்து வாசித்தான். முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாடவேளை ஆனது, பிறகு அவ்வளவு ஆகவில்லை. மழைக்காலத்தில் தாத்தா பானையைக் காயவைத்தார் என்று அவள் எழுதியதை அவன் அடித்துவிட்டான். அடைமழையில் எந்தக் குயவர் வீட்டிலும் சக்கரம் சுற்றாது, அப்போது வீட்டில் காசு இருக்காது, அதை எழுது என்றான். அவள் எழுதினாள். எனக்குத் தெரிந்து அந்தக் கதையின் மிக நல்ல பக்கம் அதுதான்.

கடைசியாக நான் பார்த்தபோது, தங்கை தன் பெயரைப் பானையின் தோளில் கீறுகிற இடத்தில் இருவரும் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஆணியால் கீறினாள் என்பது அவள் கட்சி. ஆணியை அழுத்தினால் பானை தெறித்துவிடும், எலும்பு முனையால் மெதுவாகத்தான் கீறியிருப்பாள் என்பது அவன் கட்சி. "அந்தக் காலத்துல இரும்பு இருந்துச்சுல்ல டீச்சர்?" என்று அவள் என்னைச் சாட்சிக்கு இழுத்தாள். இரும்பும் கிடைத்திருக்கிறது, எலும்பு முனைகளும் கிடைத்திருக்கின்றன என்றேன். அது இருவருக்கும் போதவில்லை. மறுநாள் அவன் வீட்டிலிருந்து சுட்ட சட்டி ஒன்றைக் கொண்டுவருவது, ஆணியாலும் முள்ளாலும் கீறிப் பார்ப்பது, அதற்குப் பிறகு அடுத்த வரியை எழுதுவது என்று முடிவாயிற்று.